மதிப்பெண் இல்லாத, கலப்பு வயது வகுப்புள்ள அரசுத் தொடக்கப் பள்ளி: சேர்க்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: இளவேனில்

வணக்கம். ஐந்து முடிந்து ஆறு நடக்கும் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு அரசுப் பள்ளிகள். ஒன்று வழக்கமானது. இன்னொன்று மாற்றுமுறைப் பள்ளி. அங்கே 6 முதல் 9 வயது வரை ஒரே வகுப்பு, மூன்று வருடமும் ஒரே ஆசிரியர். மதிப்பெண் கிடையாது, வருடத்துக்கு இரண்டு முறை எழுத்தில் அறிக்கை தருவார்கள். வீட்டுப்பாடம் அநேகமாக இல்லை. ஒரே புராஜெக்ட் மாதக்கணக்கில் போகும். கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பம் அதிகம் வருவதால் குலுக்கலில்தான் இடம். பெற்றோரும் பள்ளி வேலையில் கைகொடுக்க வேண்டுமாம்.

"அருமையான பள்ளி", "பிள்ளை மூன்று வருடம் விளையாடிவிட்டுத்தான் வருவான்" என்று இரண்டு மாதிரியும் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது விவரம்.

நேரில் போனால் எதைப் பார்த்து முடிவு செய்வது? மதிப்பெண்ணே இல்லாதபோது வாசிப்பிலோ கணக்கிலோ பின்தங்கினால் வீட்டில் எப்படித் தெரியும்? 11 வயதில் வழக்கமான பள்ளிக்கு மாறும்போது எங்கே தடுக்கும்? பெற்றோர் வேலை என்பது நடைமுறையில் எவ்வளவு?

பதில் 1: மணிச்சட்டம்

முதலில் அவர்கள் எந்த வழியில் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். மாற்றுமுறை என்பது பொதுப்பெயர்தான். அதற்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத மரபுகள் இருக்கின்றன. 1907இல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய வழியில் பிள்ளை கையால் தொட்டுக் கற்கும் கருவிகளும், எதற்குப் பின் எது என்ற வரிசையும் உயிர்நாடி. பிரான்சில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தபடியே செலஸ்தேன் ஃபிரெனே உருவாக்கிய வழியில், பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் தாங்களே அச்சிடுவார்கள், வாரத்துக்கான வேலைத்திட்டத்தைத் தாங்களே போடுவார்கள். யேனா நகரில் பீட்டர் பீட்டர்சன் 1920களில் வகுத்த திட்டம் உரையாடல், விளையாட்டு, வேலை, கொண்டாட்டம் என்ற நான்கையும் வாரத்துக்குள் கோக்கும். அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக்கின் 1918ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகு பரவிய புராஜெக்ட் முறை வேறு.

இதைத் தெரிந்துகொள்வது எதற்கென்றால், ஒவ்வொன்றும் சறுக்கும் இடம் வேறு. கருவி சார்ந்த வகுப்பில் பிள்ளை கையால் நன்றாகச் செய்யும், தாளில் எழுதுவது தள்ளிப்போகும். புராஜெக்ட் வகுப்பில் பேச்சும் எழுத்தும் வளரும், தினசரிக் கணக்குப் பயிற்சி நழுவும். பள்ளி எந்த வழி என்று தெரிந்தால், வீட்டில் எதைக் கண்காணிப்பது என்பதும் தெரிந்துவிடும். பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். மாண்டிசோரி என்ற பெயரைப் பல நாடுகளில் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

இனி நேரில் பார்ப்பது. சுற்றிக்காட்டும் நாளில் எல்லா வகுப்பும் அழகாகத்தான் இருக்கும். ஒரு சாதாரண வேலைநாள் காலையில் ஒரே வகுப்பில் 45 நிமிடம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். முதல் பத்து நிமிடத்தை வைத்து எதையும் எடைபோட வேண்டாம், புது ஆள் வந்ததில் வகுப்பு கொஞ்சம் கலைந்திருக்கும். பிறகு மூன்று பிள்ளைகளைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் மூழ்கியிருக்கும் ஒன்று, சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்று, இங்கும் அங்கும் அலையும் ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்றும் என்ன செய்கின்றன என்று ஒரு வரி குறியுங்கள். கிளம்பும்போது உங்கள் கையில் ஏழு வரிசை இருக்கும்.

அந்தத் தாளில் மூழ்கியிருக்கும் பிள்ளையை விட்டுவிடலாம், அது எந்தப் பள்ளியிலும் படிக்கும். அலையும் பிள்ளையைப் பாருங்கள். பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் ஆசிரியர் அதனருகே போனாரா? போய் "உட்கார்" என்று சொன்னாரா, இல்லை இரண்டு வேலைகளைக் காட்டி "இதுவா அதுவா" என்று கேட்டுக் கையில் கொடுத்தாரா? அமைதியான பிள்ளை ஏழு வரிசையிலும் அதே படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தால், அதை ஆசிரியர் கவனித்தாரா? நல்ல மாற்றுமுறை வகுப்புக்கும் பெயரளவு வகுப்புக்கும் வேறுபாடு இந்த இரண்டு பிள்ளைகளிடம்தான் தெரியும்.

காலைநேர அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 பிள்ளைகள், நான்கைந்து பேராக ஐந்து குழு. ஒரு குழுவுக்குப் பாடம் சொல்ல 20 நிமிடம். ஐந்து குழுவுக்கும் சேர்த்து 100 நிமிடம். நடுநடுவே எழுந்து சுற்றிப் பார்க்க, தனியாகத் தவிக்கும் பிள்ளையிடம் உட்கார இன்னொரு 40, 50 நிமிடம். ஆக, இரண்டரை மணி நேரம் உடையாமல் கிடைத்தால்தான் ஒவ்வொரு பிள்ளையும் ஒருநாளில் ஒருமுறையாவது ஆசிரியரிடம் நேரடிப் பாடம் கேட்கும். மாண்டிசோரி வகுப்புகளில் மூன்று மணி நேரத் தொடர்வேலை என்று வலியுறுத்துவது முக்கியமாகப் பிள்ளையின் கவனம் ஆழமாவதற்காக, ஆனால் அது இதற்கும் உதவும். அந்தக் காலைக்குள் இசை 40 நிமிடம், உடற்பயிற்சி 40 நிமிடம் என்று வெட்டியிருந்தால், வாரத்தில் சில நாள் சில பிள்ளைகளுக்குப் பாடமே இருக்காது. அட்டவணையில் பெரும்பாலும் தலைமையாசிரியர்தான் கைவைப்பார், வகுப்பாசிரியர் நினைத்தாலும் மாற்ற முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பதிவேடு. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் எப்போது காட்டப்பட்டது, பயிற்சியில் இருக்கிறதா, கைவந்துவிட்டதா என்று ஆசிரியர் எழுதி வைத்திருக்க வேண்டும். பல வகுப்புகளில் முக்கோணக் குறி போடுவார்கள். பாடம் காட்டியதும் ஒரு கோடு, பயிற்சி நடக்கும்போது இரண்டாவது, தேர்ந்ததும் மூன்றாவது போட்டு முக்கோணம் மூடிவிடும். பெயரை மறைத்து ஒரு பக்கம் காட்டச் சொல்லுங்கள். "போன வாரம் கணக்கைத் தொடாத பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பதிவேட்டைப் புரட்டி இரண்டு நிமிடத்தில் பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். "எல்லாரும் அவரவர் வேகத்தில் போகிறார்கள்" என்பது மட்டுமே பதிலாக வந்தால் நான் தயங்குவேன். மதிப்பெண் இல்லாத வகுப்பில் பதிவேடும் இல்லையென்றால், பிள்ளை எங்கே நிற்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது.

பதில் 2: ஒற்றெழுத்து

வீட்டில் எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு மட்டும் சொல்றேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வாசிப்புக்கு ஐந்து நிமிஷம், கணக்குக்கு ஐந்து நிமிஷம். அதுக்கு மேல வேண்டாம்.

வாசிப்பில் பெரிய ஏமாற்று எதுன்னா, பழகின புத்தகத்தைப் பிள்ளை மனப்பாடமா சொல்றது. படத்தைப் பார்த்து ஊகிக்கிறது அடுத்தது. குதிரைப் படத்துக்குக் கீழ "பரி"ன்னு இருந்தா "குதிரை"ன்னு வாசிச்சுட்டுப் போயிடும், நாமளும் சந்தோஷப்படுவோம். அதனால படத்தைக் கையால மறைச்சுட்டு வாசிக்கச் சொல்லுங்க. அப்புறம் அர்த்தமே இல்லாத சொல் பத்து எழுதிக் கொடுங்க: சொமிதை, கெழுபா, தொளிறு, நூடகி, மௌசிடு மாதிரி. "இது வேற்றுக்கிரகப் பெயர்கள்"னு சொன்னா ஜாலியா வாசிக்கும். ஊகிக்க வழியே இல்லாததால எழுத்து நிஜமா தெரியுமான்னு இங்கே தெளிவாயிடும்.

தமிழ் வாசிப்பில் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். ஒகர, ஓகார, ஔகாரக் குறி எழுத்துக்கு ரெண்டு பக்கமும் வரும், அதனால "கொ"வைக் "கெ", "கா"ன்னு பிரிச்சு வாசிக்கும். உகர, ஊகாரக் குறி எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் (கு, சு, டு, நு, மு எல்லாம் பாருங்க, ஒரே குறி மாதிரியா இருக்கு?). இதை ஒரு விதியா சொல்லித்தர முடியாது, ஒவ்வொண்ணா பழகணும். சுதந்திரமா தேர்ந்தெடுக்கும் வகுப்பில் பிள்ளைகள் இந்தச் சலிப்பான பயிற்சியைத்தான் முதல்ல ஒதுக்கும். மூணாவது, ல ள ழ, ர ற, ன ண ந. இது எழுதும்போதுதான் தெரியும். ஐந்து சொல் சொல்லி எழுதச் சொல்லுங்க.

எழுத்து கூட்டுறது சரியா இருந்தா வேகம் பாருங்க. இதுவரை வாசிக்காத, அதன் நிலைக்கு ஏத்த ஒரு பக்கம், ஒரு நிமிஷம், சரியா வாசிச்ச சொற்களை எண்ணி ஒரு நோட்டில தேதியோட எழுதுங்க. அடுத்த வீட்டுப் பிள்ளையோட ஒப்பிட வேண்டாம். இதே பிள்ளையோட மூணு மாசம் முன்னாடி எண்ணிக்கையோட ஒப்பிடுங்க. தொடர்ந்து ரெண்டு முறை எண் நகரலைன்னா ஆசிரியரைப் பார்க்கணும், அரையாண்டு அறிக்கை வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

கணக்கு. மாண்டிசோரி வகுப்பில் தங்கமணிகள் இருக்கும்: ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்குக் கம்பி, நூறுக்குச் சதுரம், ஆயிரத்துக்குக் கனசதுரம். ஆறு வயசுப் பிள்ளை இதை வச்சு நாலு இலக்கக் கூட்டல் போடும், பார்க்கிறவங்க அசந்து போவாங்க. அதே பிள்ளைகிட்ட தாளில 52 − 27 கொடுங்க. 35ன்னு எழுதினா, சின்னதைப் பெரியதிலிருந்து கழிச்சிருக்கு (7லிருந்து 2, 5லிருந்து 2). மணியில பத்தை உடைச்சு ஒன்றுகளா மாத்தத் தெரிஞ்ச பிள்ளைக்கு, தாளில கடன் வாங்குறதும் அதே வேலைதான்னு இன்னும் இணையலை. நடுவில இருக்கிற படிகள், அதாவது மணிக்குப் பதிலா எண் எழுதின வில்லைகள், அப்புறம் படம் வரைஞ்சு கழிக்கிறது, அப்புறம் வெறும் இலக்கம், இதில ஏதோ ஒண்ணு விட்டுப்போயிருக்கு. ஆசிரியர்கிட்ட "கணக்கு வரலை"ன்னு சொல்லாதீங்க. "மணியில வருது, தாளில பத்தை உடைக்கலை"ன்னு சொல்லுங்க. மறுநாளே அதுக்குப் பாடம் வைக்க முடியும்.

வாய்ப்பாடு பெரிய மலை மாதிரி தெரியும். 10 × 10 வரைக்கும் 100 பெருக்கல். 3 × 7ம் 7 × 3ம் ஒண்ணுன்னு தெரிஞ்சா 55. அதில 1, 2, 5, 10 வர்றதை எடுத்துட்டா மிச்சம் வெறும் 21 (3, 4, 6, 7, 8, 9 தங்களுக்குள்ள பெருகறது மட்டும்). ஒரு நேரத்துக்கு மூணு அட்டை, தினம் அஞ்சு நிமிஷம், மூணும் யோசிக்காம வந்த பிறகுதான் நாலாவது அட்டை. ஒன்பது, பத்து வயசுக்குள்ள இதை முடிச்சிடுங்க. பள்ளி செய்யுமா செய்யாதான்னு விவாதிக்கிற நேரத்தில வீட்டிலேயே முடிஞ்சிடும். இது பிள்ளையோட சுதந்திரத்துக்கு எதிரானதுன்னு சிலர் சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 7 × 8ஐ விரல்விட்டு எண்ணிட்டிருக்கிற பிள்ளையால பின்னத்தைப் பத்தி யோசிக்க முடியாது.

இளவேனில்

இருவருக்கும் மிக்க நன்றி. அலையும் பிள்ளையைப் பார்க்கச் சொன்னது சரியான இடத்தைத் தொட்டது, ஏனென்றால் கவனம் சீக்கிரம் சிதறும் பிள்ளைதான். இப்படிப்பட்ட பிள்ளைக்கு இந்த மாதிரி வகுப்பு நல்லதா கெட்டதா? இன்னொன்று, பெரிய பிள்ளைகளும் சின்னதுகளும் ஒன்றாக இருப்பதால் மிரட்டல் நடக்காதா?

பதில் 3: நூலேணி

கவனம் சிதறும் பிள்ளைக்கு இந்த வகுப்பில் ஒரு வசதி, ஒரு ஆபத்து. எழுந்து நடக்கலாம், தரையில் உட்காரலாம், பிடித்த வேலையில் ஒரு மணி நேரம் கூட இருக்கலாம். இது வசதி. அடுத்து என்ன செய்வது என்று தானே முடிவெடுக்க வேண்டும், சுற்றிலும் நாற்பது தட்டு கருவிகள், நாலு பக்கமும் பேச்சு. இது ஆபத்து. ஒரு வேலையை முடித்து அடுத்ததைத் தொடங்கும் இடைவெளியில்தான் இந்தப் பிள்ளைகள் தொலைந்துபோவார்கள்.

அதனால் சேரும்போதே நான்கு ஏற்பாடுகளைக் கேளுங்கள். தேர்வு இரண்டு அல்லது மூன்று வேலைக்குள் இருக்க வேண்டும், முழு அலமாரியும் அல்ல. மேசையில் ஒட்டிய சின்ன அட்டையில் அன்றைய வேலைகள் படமாக இருந்து, முடிந்ததும் பிள்ளையே அதைத் திருப்பிப் போட வேண்டும். நடமாட்டம் குறைந்த மூலையில் ஒரு நிலையான இடம் வேண்டும். வேலை மாறும்போது ஆசிரியரிடம் காட்டிவிட்டு மாற வேண்டும். இவை நான்கும் செலவில்லாதவை. "இங்கே எல்லாப் பிள்ளைகளும் தாமாகவே தேர்ந்தெடுப்பார்கள், அது எங்கள் கொள்கை" என்று மறுத்தால், அந்தப் பள்ளி உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாது. கொள்கை நல்லதாகவே இருக்கலாம், பிள்ளைக்கு உதவாது.

டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம்) போன்றவை மதிப்பெண் இல்லாத பள்ளியில் தாமதமாகத்தான் வெளிப்படும். "அவனுக்கான நேரம் வரும்போது படிப்பான்" என்ற வாக்கியம் நல்லெண்ணத்தில் சொல்லப்படுவது. ஆனால் சொல்லின் முதல் ஒலியைப் பிரித்துச் சொல்ல முடியாமை, நேற்றுப் படித்த எழுத்தை இன்று புதிதாகப் பார்ப்பது, எதுகையைக் கேட்டுப் பிடிக்க முடியாமை, குடும்பத்தில் வேறு ஒருவருக்கும் வாசிப்புச் சிரமம், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் முதல் வருடத்தின் பாதியைத் தாண்டிக் காத்திருக்க வேண்டாம். மதிப்பீடு வேண்டும் என்று தேதியிட்ட கடிதமாக எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாசலில் நின்று பேசியது எங்கும் பதிவாகாது. அரசுப் பள்ளி என்பதன் பெரிய பலம், சிறப்பு ஆசிரியர் சேவை அங்கே கேட்டுப் பெறக்கூடியது. மாற்றுமுறைப் பள்ளிக்கு அவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், பிள்ளையை வெளியே அழைத்துப்போகிறாரா வகுப்புக்குள்ளேயே உட்காருகிறாரா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மிரட்டல் பற்றி. கலப்பு வயது வகுப்பில் பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லித்தருவது இயல்பாக நடக்கும், அதன் மறுபக்கமாக அதிகாரம் செய்வதும் நடக்கும். பெரும்பாலான இத்தகைய பள்ளிகளில் வாரம் ஒருமுறை வகுப்புக் கூட்டம் உண்டு, 20, 30 நிமிடம். பிள்ளைகள் பெட்டியில் சீட்டுப் போடுவார்கள், வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பந்தை யார் எடுத்தார், வரிசையில் யார் முந்தினார் என்பதற்கெல்லாம் இது அருமையான ஏற்பாடு. பேசிப் பழகும் பிள்ளை பெரியவனான பிறகும் பேசித் தீர்க்கும். ஆனால் மிரட்டலைக் கூட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது. இருவரும் சமபலத்தில் இருந்தால்தான் பேசித் தீர்க்க முடியும். மிரட்டப்படும் பிள்ளையை மிரட்டுபவனின் முன்னால் வட்டத்தில் உட்காரவைத்து "உனக்கு எப்படி இருந்தது, சொல்" என்பது அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது அடி. சீட்டுகளை ஆசிரியர் முன்கூட்டியே படித்துப் பிரிக்கிறாரா, பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவது அனுமதிக்கப்படுகிறதா, மிரட்டலுக்குத் தனி நடைமுறை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்று வருடம் ஒரே ஆசிரியர் என்பதையும் யோசியுங்கள். ஒத்துப்போனால் அதைவிட நல்லது இல்லை. இரண்டாம் வருடம் தொடங்கும்போது பிள்ளையைப் பற்றிப் புதிதாக விளக்க வேண்டியதில்லை, முதல் நாளே வேலை தொடங்கிவிடும். ஒத்துப்போகாவிட்டால் மூன்று வருடம். வகுப்பு மாற்றம் கேட்கலாமா, இணையாக இன்னொரு வகுப்பு இருக்கிறதா என்பது சேரும் முன்பே தெரிய வேண்டும். மூன்றாம் வருடத்தில் வகுப்பின் மூத்த பிள்ளைகள் எட்டே பேர்தான் இருப்பார்கள். அதில் நட்பு அமையாத பிள்ளைக்கு அந்த வருடம் தனிமையாகப் போகும்.

பதில் 4: அடுத்தபடி

11 வயது மாற்றம் குறித்து. அறிவில் பெரிய இடைவெளி இருக்காது, பழக்கத்தில்தான் இருக்கும். தடுமாறும் இடங்கள் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்: கரும்பலகையிலிருந்து வேகமாகப் பார்த்து எழுதுவது, கடிகாரம் ஓட ஓடத் தேர்வு எழுதுவது, ஐந்தாறு ஆசிரியர்களின் வீட்டுப்பாடத்தை நினைவில் வைப்பது, "சுருக்கமாக விடை தருக" என்றால் எவ்வளவு எழுதுவது என்று தெரியாமல் ஒரு பக்கம் எழுதுவது.

கடைசி ஆறு மாதத்தில் இவற்றை மட்டும் பழக்குங்கள். வாரம் ஒரு நாள் 30 நிமிடத் தேர்வுத்தாள். முதலில் எல்லாக் கேள்விகளையும் படிப்பது, தெரிந்ததை முதலில் எழுதுவது, நேரம் முடிந்தால் பேனாவை வைப்பது. மதிப்பெண்ணைவிட இந்த மூன்றையும் செய்ததா என்று பாருங்கள். வீட்டுப்பாட டைரியில் கொடுத்த தேதி, முடிக்க வேண்டிய தேதி என்று இரண்டு பத்தி. இரண்டு மாதம் நீங்கள் பார்க்க வேண்டும், பிறகு கையை எடுத்துவிடுங்கள். அதைவிட முன்பே, எட்டு வயதில், இதையெல்லாம் தொடங்க வேண்டாம். அப்படித் தொடங்கினால் மாற்றுமுறைப் பள்ளியில் சேர்த்ததற்கே பொருளில்லை.

ஒற்றெழுத்து சொன்ன மூன்று மாதச் சோதனை எனக்கு உடன்பாடுதான், ஒரு திருத்தத்தோடு. எண்ணிக்கையைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள், நோட்டைக் கண்ணில் காட்டாதீர்கள். 1988இல் ரூத் பட்லர் செய்த ஆய்வு ஒன்று இதற்குப் பொருந்தும். பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு எழுத்தில் கருத்து மட்டும், ஒரு பகுதியினருக்கு மதிப்பெண் மட்டும், மீதிப் பேருக்கு இரண்டும் கொடுத்தார். கருத்து மட்டும் பெற்றவர்களிடம் ஆர்வமும் திறனும் கூடின. இரண்டையும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண் வந்துவிட்டால் பிள்ளையின் கண் எண்ணிலேயே நின்றுவிடும், எழுதிய கருத்து வீணாகும். பள்ளி மதிப்பெண்ணைத் தவிர்ப்பது இதற்காகத்தான், அதை வீட்டில் நாமே பின்வாசல் வழியாகக் கொண்டுவரக் கூடாது.

ஆனால் கருத்து கருத்தாக இருக்க வேண்டும். "ஆர்வமாகப் பங்கேற்கிறாள், நல்ல தோழி" என்று இரண்டு பக்கம் வந்தால் அது அறிக்கை இல்லை. "நான்கு இலக்கக் கூட்டல் தாளில் தனியாகச் செய்கிறாள். கழித்தலில் நடுவில் பூச்சியம் வந்தால் தடுமாறுகிறாள். அடுத்த இரண்டு மாதம் அதில் வேலை" என்பதுதான் அறிக்கை. என்ன முடியும், எங்கே நிற்கிறது, அடுத்து என்ன என்ற மூன்றும் ஒவ்வொரு பாடத்துக்கும் இருக்க வேண்டும். முந்தைய வருட அறிக்கை ஒன்றைப் பெயர் மறைத்துக் கேட்டுப் படியுங்கள், ஐந்து நிமிடத்தில் பள்ளியின் தரம் தெரிந்துவிடும்.

புதுப் பள்ளிக்குப் போகும்போது படைப்புக் கோப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எண்பது பக்கத்தை யாரும் புரட்ட மாட்டார்கள். பத்துப் பக்கம் போதும்: முதல் வருட எழுத்து ஒன்று, கடைசி வருட எழுத்து இரண்டு (திருத்தும் முன், திருத்திய பின்), கணக்கு இரண்டு, அறிவியல் குறிப்பு ஒன்று, வாசித்த புத்தகப் பட்டியல், கடைசி அறிக்கை. கூடவே பாடத்திட்டத்தில் எதுவரை முடிந்தது என்று ஆசிரியர் கையெழுத்திட்ட ஒரு பக்கம். புதுப் பள்ளிக்கு உண்மையில் பயன்படுவது இந்த ஒரு பக்கம்தான்.

"பின்தங்கிவிடுவார்கள்" என்ற பொதுப்பயம் இருந்தால், குலுக்கல் முறைப் பள்ளிகளில் செய்யும் ஆய்வுகள் நம்பகமானவை. காரணம் எளிது. விண்ணப்பித்த எல்லாருமே ஆர்வமுள்ள பெற்றோர்தான். இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டால் வீட்டுச் சூழலின் வேறுபாடு பெரிதும் விலகிவிடும். ஏஞ்சலின் லில்லார்ட், நிகோல் எல்ஸ்-குவெஸ்ட் இருவரும் அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓர் அரசு மாண்டிசோரிப் பள்ளியை வைத்து இப்படிச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. ஐந்து வயதில் எழுத்தறிவிலும் கணக்கிலும் அந்தப் பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். பன்னிரண்டு வயதில் கட்டுரையில் கற்பனையும் வாக்கிய அமைப்பும் மேலாக இருந்தன. ஒரே ஒரு பள்ளியின் கதை அது, அதுவும் கருவிகளையும் வரிசையையும் ஒழுங்காகப் பின்பற்றிய பள்ளி. எல்லா மாற்றுமுறைப் பள்ளிக்கும் இதை நீட்டிவிடக் கூடாது.

பதில் 5: கூட்டுக்கை

பெற்றோர் வேலையும் குலுக்கலும் மட்டும்.

மாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது எழுத்தில் இருக்கிறதா, பகலில் மட்டுமா, செய்ய முடியாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டுவிடுங்கள். சட்டப்படி கட்டாயமா எதிர்பார்ப்பா என்பதும் முக்கியம், பல இடங்களில் அரசுப் பள்ளியால் இதைக் கட்டாயமாக்க முடியாது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை நிறைய உண்டு. சொல்லட்டைகளை வெட்டி லேமினேட் செய்வது, உடைந்த மணிக்கம்பிகளைத் திரும்பக் கோப்பது, பிள்ளைகளின் கையெழுத்துக் கதைகளைத் தட்டச்சு செய்து சின்னப் புத்தகமாகத் தைப்பது. கருவி சார்ந்த வகுப்பில் ஒரு தங்கமணி குறைந்தாலும் அந்த வேலை தவறான விடை தரும், ஆகவே பழுது பார்ப்பது சின்ன வேலை இல்லை.

வகுப்புக்குள் உதவப் போகிறவர்களுக்கு இரண்டு விதி. முதல் ஆறு வாரம் சொந்தப் பிள்ளையின் வகுப்பில் வேண்டாம், பிள்ளை உங்களையே சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொரு பிள்ளை எப்படி வாசிக்கிறது என்று வகுப்பில் பார்த்ததை வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்த இரண்டாவது விதி மீறப்பட்ட பள்ளிகளில் பெற்றோர் உறவு மொத்தமாகக் கெட்டுப்போகும். இன்னொரு வழக்கமான சிக்கல், பத்துப் பேரே எல்லா வேலையையும் சுமந்து இரண்டு வருடத்தில் களைத்துப் போவது. வேலைகளைச் சின்னதாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் முடிவு தேதி வைத்துப் பட்டியல் போடும் பள்ளியில் இது குறைவு.

தனிப் பள்ளியா, வழக்கமான பள்ளிக்குள் இரண்டு மூன்று மாற்றுமுறை வகுப்புகளா என்றும் பாருங்கள். இரண்டாவது என்றால் மணியடிப்பதும் தேர்வும் மற்ற வகுப்புகளின் கணக்கில்தான் நடக்கும். தலைமையாசிரியர் மாறியதும் காலை நேரத்தை வெட்டிவிட வாய்ப்பு அதிகம். கலப்பு வயது, உடையாத காலை நேரம், எழுத்து அறிக்கை ஆகியவை பள்ளியின் அதிகாரபூர்வ ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தால் ஆள் மாறினாலும் நிற்கும். எழுதப்படாவிட்டால் அது அந்த ஒருவரின் விருப்பம் மட்டுமே.

குலுக்கலுக்கு: விண்ணப்பத்தின் கடைசித் தேதி வழக்கமான பள்ளிகளைவிட முன்னதாக இருக்கலாம், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். உடன்பிறந்தவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்று கேளுங்கள். இருந்தால், அறிவித்த 24 இடத்தில் குலுக்கலுக்கு வருவது பாதியாகக்கூட இருக்கலாம். பள்ளி வண்டி உங்கள் தெரு வரைக்கும் வருமா என்றும் உறுதி செய்யுங்கள். காத்திருப்புப் பட்டியலில் எண் வந்தால் சோர்ந்துவிட வேண்டாம், பள்ளி திறந்து முதல் சில வாரம் வரை பட்டியல் நகரும். அழைப்பு வந்தால் ஓரிரு நாளில் பதில் கேட்பார்கள், பழைய தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைத்தால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வழக்கமான பள்ளியிலும் பெயரைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளியை ஏற்றால் மற்றது தானாக ரத்தாகுமா என்பதை மட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

முதல் வருடம் கிடைக்காமல் 8 வயதில் இடம் வந்தால் யோசித்துச் சேருங்கள். மற்ற பிள்ளைகள் இரண்டு வருடம் பழகிய கருவிகளும் வேலைமுறையும் புதிதாக இருக்கும். அடிப்படைப் படிகளை ஆசிரியர் தனியாகக் காட்ட முதல் மூன்று மாதம் நேரம் ஒதுக்குவாரா என்று கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

இளவேனில்

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கிடைத்திருக்கிறது. அட்டவணை, பெயர் மறைத்த பழைய அறிக்கை, பதிவேட்டில் ஒரு பக்கம் என்று மூன்றையும் கேட்டு எழுதியிருக்கிறேன். அட்டவணை மட்டும் உடனே வந்தது: காலை 9 முதல் 11.20 வரை உடையாத நேரம், வியாழன் மட்டும் நடுவில் இசை. மற்ற இரண்டும் நேரில் காட்டுவார்களாம். மேசை அட்டையும் மூலை இடமும் பற்றி அன்றே கேட்டுவிடுகிறேன்.

பதில் 6: மணிச்சட்டம்

2 மணி 20 நிமிடம் மோசமில்லை. வியாழக்கிழமை யார் யாருக்குப் பாடம் விடுபடுகிறது, அவர்களை வெள்ளிக்கிழமை முதலில் அழைக்கிறாரா என்று கேளுங்கள். உட்காரும் நாளில் பிள்ளையை அழைத்துப் போகாதீர்கள், உங்கள் கண் அதன்மேலேயே இருக்கும். பேனா, கோடு போட்ட தாள், சத்தமில்லாத கடிகாரம் போதும்.